தேய்மானம் என்ற சொல்லிலிருந்து ஆண்டவர் என்னை விடுவித்தார்

இயேசுவில் அன்பான சகோதர சகோதரிகளே, என்னை என் வீட்டிலிருந்து இறக்கிவிடுவது என்று முடிவானது சென்ற ஆண்டு டிசம்பரில், திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று, பூசை முடிந்து காப்பி குடித்த கையோடு. முடிவு செய்தவன் என் தம்பி சேவியர். என்னை யாரும் கேட்கவில்லை.

"அக்கா, ஒன் முட்டி போச்சு. இந்தப் படிய ஏறி ஏறி மிச்சம் இருக்கறதும் போயிடும். ஈஸ்டர் முடிஞ்சதும் அரியாங்குப்பம் வந்துடு. பின்னாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது."

அந்த அறை எனக்குத் தெரியும். சிலிண்டரும் ஓடாத மின்விசிறியும் கிடக்கிற அறை. என் புத்தகங்களுக்கு அங்கே இடமில்லை. அதற்கும் அவனிடம் வழி இருந்தது. "எடைக்குப் போட்டுடலாம்கா. யாரு படிக்கறா இப்ப?"

நான் தனி ஆள். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவள். நெல்லித்தோப்பில் எங்கள் அப்பா விட்டுப்போன மாடிதான் எனக்கு உள்ள உலகம். அது போனால் நான் தம்பி வீட்டு வேண்டாத சாமான்களில் ஒன்று. அன்றிரவு ஆண்டவரிடம் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தேதி விஷயத்தில் நான் தவறுவதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில், பரலோக மாதா திருநாளுக்கு மறுநாள், மழைத் தண்ணீரில் பேருந்திலிருந்து இறங்கும்போது வலது முழங்கால் திருகிக்கொண்டது. வீங்கியது. வடிந்தது. வலி மட்டும் தங்கியது. புரட்டாசி முழுக்கப் பொறுத்தேன். கல்லறைத் திருநாளன்று அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்தவள் நிமிர முடியாமல் பக்கத்துக் கல்லறைச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாரமே எக்ஸ்ரே படம் எடுத்தேன். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, என் முகத்தைப் பார்க்காமலே ஒரே ஒரு சொல் சொன்னார். "தேய்மானம்."

வாழ்நாள் முழுக்கச் சொற்களை நிறுத்திக் கேள்வி கேட்டவள் நான். இந்த ஒரு சொல்லை மட்டும் கேள்வி கேட்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சோப்பு தேயும். செருப்பு தேயும். தேய்கிற பொருளை என்ன செய்வோம்? எடுத்து வைப்போம். நானும் என் முழங்காலை எடுத்து வைத்தேன். கடைக்குப் போவதை நிறுத்தினேன். பூசையில் முழந்தாளிடுவதை நிறுத்தினேன். கோயிலின் பக்கவாட்டில் முட்டி போனவர்களுக்கென்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். அங்கே போய் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்த எல்லாப் பெண்களுக்கும் அந்த ஒரே சொல் தெரிந்திருந்தது.

வலி வந்தால் ஊரில் எல்லோரும் வைத்தியர்கள். ஒருத்தி முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு கொண்டு வந்தாள். கிழங்குக்கும் காலுக்கும் பெயரில் உள்ள உறவைத் தவிர வேறு உறவு இருப்பதாக எனக்குப் படவில்லை. இன்னொருவர் இறுக்கமான உறை வாங்கித் தந்தார். ஒரு சகோதரர் வீட்டுக்கே வந்து மந்திரித்த எண்ணெய் தடவி, உரக்க ஜெபித்து, நான் எழுந்து நடக்காததைப் பார்த்துவிட்டு, "உங்க விசுவாசம் பத்தலம்மா" என்று சொல்லிப் போனார். கரண்ட் வைக்கும் இடத்துக்கும் போனேன். முழங்காலுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, அதைப் போட்டவன் கைபேசியில் மூழ்கினான். விளக்கு அணைந்ததும், "நாளைக்கு வாங்க" என்றான். ஒருநாள் கூட என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்ததில்லை.

கீழ்வீட்டில் ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, எல்லோரும் அவரை முசியே என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நான் படியில் கால் வைத்தாலே உள்ளிருந்து குரல் வரும். "மத்மசேல், தூஸ்மான், தூஸ்மான்." அம்மணி, மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அக்கறைதான். ஆனால் அதைக் கேட்கக் கேட்க என் கால் நடுங்கத் தொடங்கியது.

இப்படிக் காப்பாற்றிய காலுக்கு என்ன ஆனது? தொடை சூம்பியது. வலி கூடியது. கிறிஸ்துமஸ் நடுநிசிப் பூசைக்குப் போகவில்லை. என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. தினமும் ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, இது மேலும் தேயாமல் காத்தருளும்." பதில் வரவில்லை.

தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று பதில் வந்தது. சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தலத்திலும் எல்லோரும் முழந்தாளிட்டு எழுந்தார்கள். நான் நாற்காலியில் இருந்தேன். முடிந்ததும் ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். கனகசெட்டிக்குளத்துப் பெண், பெயர் ஸ்டெல்லா. பிசியோதெரபி படித்து டவுனில் வேலை பார்க்கிறாள். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிறாள் என்பது வரைக்கும் தெரியும்.

"ஏம்மா உக்காந்தே இருந்தீங்க?"

"தேய்மானம்."

"யாரு சொன்னா?"

"படத்தில் இருக்கிறது."

"படத்துக்கா வலிக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் விடவில்லை. "ஒங்க வயசுல வலியே இல்லாத நாலு பேர நிறுத்திப் படம் எடுங்க. அவங்க முட்டியும் இப்படித்தான் இருக்கும். தேயறதுக்கு அது என்னா சோப்பா? உசுரு இருக்கற மூட்டும்மா. பாரம் குடுத்தாத்தான் அதுக்குள்ள சத்து போவும். நீங்க அதப் பட்டினி போட்டுட்டு, மேல எண்ணெய தடவிக்கினு இருக்கீங்க."

இவ்வளவு மரியாதையில்லாத பதிலை ஆண்டவர் அனுப்புவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்தாள். மடக்கினாள், நீட்டினாள், அழுத்தினாள். பூட்டிக்கொள்கிறதா, காய்ச்சல் வருகிறதா என்று கேட்டாள். கத்தி வைக்க வேண்டிய முட்டி இல்லை என்றாள். நான் படிக்கிறவள் என்று தெரிந்ததும் தன்னிடம் இருந்த ஆய்வுக் கட்டுரைகளைக் கொடுத்தாள். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அவள் வாயால் சொன்னதைத்தான் அவையும் நாகரிகமாகச் சொல்லியிருந்தன. தசையைப் பலப்படுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டு, அசைவை நிறுத்தாதே. இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த இரகசியம் அல்ல. படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. ஆனாலும் நம் ஊரில் சிவப்பு விளக்குக்கு முன்னால்தான் கூட்டம்.

முதலில் உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னாள். அடுத்து வெளியே கூட்டிப்போய்க் கைகாட்டினாள். என் படிக்கட்டு. ஊரே ஏறாதே என்ற அதே படிக்கட்டு.

"கம்பியப் புடிச்சிக்கினு ஏறுங்க. வலிக்கும். மறுநா காலைல பழைய நெலமைக்கு வந்துடுச்சின்னா சரி. வரலன்னா கொறைப்போம். நிறுத்த மாட்டோம்."

கீழே இருந்து குரல் வந்தது. "தூஸ்மான்..."

"முசியே, வாய மூடிக்கினு நீங்களும் வந்து ஏறுங்க" என்றாள் ஸ்டெல்லா.

தவக்காலத்தின் நாலாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள் ஆசையில் அதிகமாக ஏறிவிட்டேன். முழங்கால் வீங்கியது. சேவியர் வந்து பார்த்து, "நான் சொன்னன்ல?" என்றான். அந்தக் குரலில் இருந்த திருப்தியை நான் மறக்கமாட்டேன். மாடியைப் பார்க்க ஒரு குடும்பம் வருவதாகவும் சொன்னான்.

அன்றுதான் என் ஜெபம் மாறியது. தேயாமல் காத்தருளும் என்று கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை எடும். நாளைக்கு என்னை எழுப்பிவிடும், போதும்" என்றேன். காலையில் வீக்கம் இருந்தது. வலி இருந்தது. பயம் இல்லை. எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. இதைத்தான் நான் சாட்சியாகச் சொல்கிறேன். நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியை மட்டும் செய்தேன். அந்த வாரக் கடைசியில் மறுபடி படிக்குப் போனேன்.

ஈஸ்டர் ஞாயிறு முடிந்த வாரத்தில் சேவியர் சொன்னபடியே வந்தான். தெருவில் குட்டி யானை வண்டி, அதில் இரண்டு ஆட்கள். என்னைக் கேட்காமலே ஆட்கள் புத்தக அலமாரியைப் பிடித்தார்கள்.

"வையுங்கப்பா கீழே" என்றேன்.

"அக்கா, அடம் புடிக்காத. படி ஏற முடியாம நாளைக்கு வுழுந்து கெடந்தா யாரு பாக்கறது?"

கம்பியைத் தொடாமல் இறங்கித் தெருவுக்குப் போனேன். வண்டியைத் தட்டிப் பார்த்தேன். திரும்பி ஏறி வந்தேன். முசியே வாசலில் நின்று பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு பிரெஞ்சு வார்த்தையும் வரவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, வலித்தது. ஆனால் நின்றேன்.

சேவியர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்களில் ஒருவர்தான் பேசினார். "அப்ப நாங்க போலாமாம்மா? வேற சவாரி இருக்குது."

"அவங்களக் கேக்காத, என்னக் கேளு" என்றான் சேவியர். பிறகு, "போங்க" என்றான். வண்டி கிளம்பியதும், "டிபன் என்னா செஞ்ச?" என்று கேட்டான். வேறு எதையும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. இட்லி வைத்தேன்.

அந்த எண்ணெய்ச் சகோதரர் இப்போது நான் தன் ஜெபத்தால் குணமானதாக ஜெபக்கூட்டங்களில் சொல்லி வருகிறாராம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் விட்டுப்போன எண்ணெய் எங்கள் வீட்டு வாசல் கேட்டின் கீலுக்குப் பயன்பட்டது, அதற்கு நன்றி.

எனக்கு உதவி செய்தவர் ஆண்டவர். ஒரு வெள்ளிக்கிழமை என் நாற்காலிக்கு முன்னால் ஒரு வாயாடிப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். பயத்தை எடுத்தார். மீதியை என்னைச் செய்ய வைத்தார். தூய ஆவி திருநாளன்று மடித்த துணியின் மேல் முழந்தாளிட்டேன். மழைக்காலத்தில் வலி எட்டிப் பார்க்கிறது. பார்த்துவிட்டுப் போகட்டும். அவருக்கே தோத்திரம்.

வலியோடும் அந்தப் பயத்தோடும் உட்கார்ந்திருக்கிற சகோதரி யாராவது இதைப் படித்தால், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் என் வீட்டுக்கு வாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம். பிறகு ஸ்டெல்லாவிடம் கூட்டிப்போகிறேன், திட்டுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு மாடியில்தான். கீழே நின்று கூப்பிடுங்கள், நான் இறங்கி வருகிறேன்.