கரண்டுக்கு முறை வைத்த சௌந்தரம்

குமராட்சியிலிருந்து சிதம்பரத்துக்கு, எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சௌந்தரம். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் 2012-ல் நாங்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்திருப்போம்.

அந்த வருஷம் கேஸ் சிலிண்டருக்குக் கட்டுப்பாடு வந்தது. வீட்டுக்கு வீடு கரண்ட் அடுப்பு வாங்கினோம். கரண்ட்தான் இல்லை! நெய்வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதி நாள் இருட்டில் கிடந்தோம். சாயங்காலம் கரண்ட் வந்ததும் தெருவே ஒன்றாக அடுப்பைப் போடும். கம்பத்தில் டப்பென்று ஃபியூஸ் போகும்.

பழி விழுந்தது தெருக்கோடி இசைவாணி மேல். கால் சரியில்லாத பெண். புவனகிரியில் டீச்சர் வேலை. பஸ் ஏற முடியாமல் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். "எல்லாக் கரண்டையும் அந்த வண்டிதான் குடிக்குது," என்று கத்தினார் எங்கள் எதிர்வீட்டு வைத்திலிங்கம். சார்ஜ் ஏறாமல் அவள் பல நாள் லீவு போட்டாள். இன்னொரு நாள் வராவிட்டால் வேலை கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

ஃபியூஸ் போட வந்த லைன்மேன் சிரித்தார். "ஒரு அடுப்பு இழுக்கறதுல அஞ்சு வண்டிக்குச் சார்ஜ் போடலாம் சார்!"

அந்தப் பேச்சைச் சௌந்தரம் பிடித்துக்கொண்டாள். "எங்க ஊருல எல்லாரும் ஒரே நேரத்துல மடை தொறந்தா கடைசி வயலுக்குத் தண்ணி போவுமா? முறை வெச்சிதான் பாய்ச்சுவோம். இங்கயும் நாலு நாலு வூடா அடுப்பு போடுங்க. நான் தட்டைத் தட்டுனா அடுத்த நாலு. கம்பத்தை ஒட்டி இருக்கறது எங்க வூடு, மடைகிட்ட இருக்கற வயல் மாதிரி. அதனால எங்க முறை கடைசி."

"பெரிய கலெக்டருன்னு நெனப்பா?" என்றார் வைத்திலிங்கம்.

"ஆமா மாமா. மொத முறை ஒங்களுக்குதான். போயி அரிசியக் களைங்க."

தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவில்லை.

ஒரு நாள் சௌந்தரம் அவசரமாகக் குமராட்சிக்குப் போயிருந்தாள். அன்றைக்கென்று கரண்ட் எட்டு மணிக்குத்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை ஸ்விட்சில்தான் இருந்தது. ஃபியூஸ் போனால் இசைவாணிக்கு வேலை போகும், தெரியும். பசித்த வயிறு கேட்கிறதா?

வெளியே டங் டங்கென்று தட்டுச் சத்தம். அதற்குள் சௌந்தரம் வந்துவிட்டாளா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நடுத்தெருவில் கைலியோடு நின்றவர் வைத்திலிங்கம்.

"நாலு வூடுதான்யா மொதல்ல! மத்தவன் எவனாவது ஸ்விட்சத் தொட்டீங்க, பாத்துக்கங்க! அந்தப் பொண்ணு காலையில வேலைக்குப் போவணும்."

கையை எடுத்துக்கொண்டேன்.

காலையில் இசைவாணியின் வண்டி சத்தமில்லாமல் தெருவைக் கடந்தது. வாசலுக்கு ஓடிவந்த வைத்திலிங்கம், "ஹாரன் அடிச்சிட்டுப் போம்மா! நீ போறது எங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று கத்தினார்.