டிரைவர் நாச்சிமுத்துவின் நிஷ்டை

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் காலை வண்டிக்கு ஆட்கள் ஏறி முடித்ததும் ஒரு காரியம் நடக்கும். டிரைவர் நாச்சிமுத்து தன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக் கண்களை மூடிக்கொள்வார். அவ்வளவுதான், பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கிவிடும். மூட்டையை எங்கே வைப்பது என்று கண்டக்டரோடு மல்லுக்கு நின்றவர்கூட வாயை மூடிக்கொள்வார். பழனியில் மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் காயாமல் கொடைக்கானல் பார்க்கக் கிளம்பியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பிறகு அவர் கண்ணைத் திறப்பார். கண்டக்டர் விசில் கொடுப்பார். வண்டி மலையைப் பார்த்துக் கிளம்பும்.

நிஷ்டை டிரைவர் என்றால் மேல்மலைப் பூண்டு வியாபாரியிலிருந்து கொடைக்கானல் கான்வென்ட் சமையல்காரர் வரை எல்லாருக்கும் தெரியும். அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அவர் வண்டிக்காக முதல் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. பச்சைப் பிள்ளையை முதன்முதலாக மலையேற்றுகிற தாய்மார்கள் அவரிடம் திருநீறு பூசச் சொல்லிக் குழந்தையை நீட்டுவார்கள். அவரும் பூசுவார். பூசாமல் என்ன செய்வது?

இதில் எல்லாம் நிஜம், ஒன்றைத் தவிர. அது நிஷ்டை இல்லை. மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அது எப்படி வந்தது என்றால், அவர் பழனி அடிவாரத்துக்காரர். வீட்டில் அத்தனை பேரும் யாத்ரீகர்களை நம்பிப் பிழைத்தார்கள். இவருக்கு மட்டும் இன்ஜின் மேல் கிறுக்கு. சேனாதிபதி முதலாளியின் பஸ் கம்பெனியில் சேர்ந்து, பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே ராஜா மாதிரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கைராசியைப் பார்த்து முதலாளி அவரை மலை லைனுக்குத் தூக்கிப் போட்டார். அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். முதல் வருஷம் சந்தோஷமாகத்தான் போயிற்று. அடுத்த ஐப்பசி மழையில், டம்டம் பாறைக்கு மேலே, அவருக்கு முன்னால் உருளைக்கிழங்கு லோடு ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த லாரி வழுக்கியது. ஓட்டியவர் ராமர், அவருடைய சிநேகிதர். அன்று காலையில்தான் பெருமாள்மலையில் ஒன்றாக டீ குடித்திருந்தார்கள். இருந்த லாரி இல்லாமல் போயிற்று. சத்தம்கூட எவ்வளவோ நேரம் கழித்துக் கீழேயிருந்து வந்தது.

மறுநாள் கிளட்சை மிதிக்கக் காலைத் தூக்கினார். முழங்கால் வெடவெடவென்று ஆடியது. கையால் அமுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. எப்படியோ ஓட்டி முடித்துவிட்டு நேராக முதலாளியிடம் போய், என்னைப் பழனி லைனுக்கே மாற்றிவிடுங்கள் என்று கேட்டார். சீசன் முடியட்டும் என்றார் முதலாளி. காரணத்தை அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மலை லைன் டிரைவர் பயமாக இருக்கிறது என்று சொல்வதற்கு அப்போது ஊரில் வாய் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பஸ் நிலையத்தில் புத்தகம் விற்கிறவன் ஒரு சின்னப் புத்தகத்தை ஜன்னல் வழியாக நீட்டினான். மனதை ஒருமுகப்படுத்தினால் தொழிலில் வெற்றி, குடும்பத்தில் சுகம், சமூகத்தில் மதிப்பு, எல்லாம் தேடி வரும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. முதுகு நிமிர்ந்து உட்கார், கண்ணை மூடு, மூச்சை மட்டும் கவனி, பிறகு ஒரே ஒரு பொருளைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்று உள்ளே இருந்தது. நாச்சிமுத்துவுக்கு வெற்றியும் வேண்டாம், மதிப்பும் வேண்டாம், கால் நின்றால் போதும். செய்து பார்த்தார். நின்றது.

புத்தகம் பொய் சொல்லவில்லை, அதுதான் வினை. மூச்சைக் கவனிக்கக் கவனிக்க நடுக்கம் மெல்ல அடங்கும். அடங்கியதும் வண்டியை எடுப்பார். அதன் பிறகு மலைச் சுவரை ஒட்டிய அந்த ஓர ரோட்டைத் தவிர உலகத்தில் எதுவும் கிடையாது. பள்ளத்துப் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டார். வெள்ளி அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று வண்டியே எழுந்து நிற்கும், அவர் பார்த்ததில்லை. மேகத்துக்குக் கீழே சமவெளி விரிந்து கிடக்கும், அதையும் பார்த்ததில்லை. அப்படி ஓட்டுகிறவன் வண்டியில் கீறல் விழுமா?

கண்ணை மூடி உட்காருவதை முதலில் கண்டக்டர் பார்த்தார், அப்புறம் பயணிகள் பார்த்தார்கள். முருகன் மலையில் பிறந்தவர், மூன்று பட்டை திருநீறு, மூடிய கண், அசையாத உடம்பு. ஜனங்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்? ஸ்டியரிங்குக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த முழங்காலை இருக்கைக்குப் பின்னாலிருந்த தடுப்புப் பலகை மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அட்டையில் போட்டிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கம்பெனிக்கு வந்த புது வண்டியை முதலாளி அவருக்குத்தான் கொடுத்தார். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு வீட்டையும் கொடுத்தார். மனைவி வடிவும் மகள் கண்மணியும் மலைக்கே குடிவந்தார்கள். அவர் விடியுமுன் இறங்குகிற வண்டியில் கீழே போய்க் காலை வண்டியை எடுத்துவருவார். கண்மணிக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது, டிரைவர் பெயரைச் சொன்னதுமே கிடைத்தது. பழனி லைனைக் கேட்டு இன்னும் இரண்டு முறை போனார். இரண்டாம் முறை சேனாதிபதி அவர் தோளில் கை போட்டு, உங்கள் முகத்துக்காகத்தான் ஜனம் ஏறுகிறது, உங்களை இறக்கினால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்றார். வீடு அவர் கொடுத்தது, பள்ளிக்கூடம் இந்தப் பெயரால் கிடைத்தது. நாச்சிமுத்து தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். வெற்றி என்பது நாலு பக்கமும் சுவர் எழுப்பிக் கூரையும் போட்டுவிட்டது, வாசல் வைக்கத்தான் மறந்துவிட்டது.

மனிதர் அப்படியே ஓட்டி முடித்து ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் அறுபத்து மூன்றாம் வருஷம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. மத்தியான வண்டிக்கும் ஒரு நிஷ்டை டிரைவர் இருந்தால் என்ன? வடிவின் அண்ணன் நல்லுசாமி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல கை, சிரித்த முகம், பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். அவரைக் கூட்டி வந்து, உங்கள் மாப்பிள்ளையிடம் அந்தத் தியானத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி.

நாச்சிமுத்து ஏதோ மழுப்பினார். நல்லுசாமி பார்த்தே கற்றுக்கொண்டார். நாச்சிமுத்துவைவிட நன்றாகவே உட்கார்ந்தார். முதுகு வளையாது, இமை துடிக்காது, உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வேறு. கண்ணைத் திறந்ததும் வண்டியை விரட்டுவார். வளைவில் ஹாரன் அடிக்கமாட்டார், இறக்கத்தில் கியரைக் குறைக்கமாட்டார். கேட்டால், வண்டியை நானா ஓட்டுறேன், உக்காந்து அவன்கிட்ட ஒப்படைச்சாச்சுல்ல என்பார். பயணிகளுக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஒருநாள் வாழைகிரி வளைவில் ஓரக் கல்லை உரசிவிட்டு வந்தார். பக்கவாட்டுத் தகடு கிழிந்து தொங்கியது. மயிரிழையில் தப்பித்தோம், டிரைவரின் தியான பலம் என்று பேசிக்கொண்டே ஜனங்கள் இறங்கினார்கள்.

நாச்சிமுத்து அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண்ணை மூடுவது நடுக்கத்தை அடக்குவதற்காக. அடக்க ஒன்றுமே இல்லாத ஆள் கண்ணை மூடி என்ன செய்கிறார்? இருந்த கொஞ்ச ஜாக்கிரதையையும் துடைத்துப் போட்டுவிட்டு எழுகிறார். தான் வாயை மூடிக்கொண்டு இருப்பதால் மச்சான் ஒருநாள் ராமர் போன வழியில் போகப் போகிறார், பஸ் நிறைய ஆட்களோடு போகப் போகிறார் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வடிவு சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தகடு கிழிந்த செய்தி அவளுக்கும் வந்துவிட்டது.

"எங்கண்ணனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, வடிவு."

"அதாங்க தப்பு. உள்ளதச் சொல்லிருக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? தூக்கத்துல உங்க வலது காலு பிரேக்க மிதிச்சுக்கிட்டே கெடக்கு. இத்தன வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நாச்சிமுத்து சோற்றைத் தள்ளிவைத்தார். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுவதாக நினைத்து இரண்டு பேரும் ஊமையாக இருந்திருக்கிறார்கள். அழுகை வந்தது. அழுதார். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சொல்வது லேசாக இல்லை. மறுநாள் டீக்கடையில் நல்லுசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்கு மலை என்றால் பயம், தியானமெல்லாம் ஒன்றும் கிடையாது என்றார். நல்லுசாமி கண்கலங்கிப் போனார், ஆனால் வேறு காரணத்துக்காக. இவ்வளவு பெரிய ஆள் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறார் பாருங்கள் என்று கடையில் இருந்தவர்களிடம் சொன்னார். கடைக்காரர் நாச்சிமுத்துவிடம் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அப்புறம் நாச்சிமுத்து முதலாளியிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். சேனாதிபதி, பக்குவப்பட்டவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று அந்த வருஷ ஆயுதபூஜைக்கு அவருக்கே முதல் மாலையைப் போட்டார். மாலை கழுத்தில் கனத்தது. பொய்யை உண்மையாக்க இந்த ஊருக்கு ஒரு பார்வை போதும், உண்மையைச் சொன்னால் அதையும் பொய்க்கு நகையாகப் போட்டு அழகு பார்க்கிறது என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

பூஜைக்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. காலை வண்டி நிரம்பிவிட்டது. மத்தியான வண்டியைக் கழுவிவிட்டு நல்லுசாமி நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். நாச்சிமுத்து அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஏறி வந்து இன்ஜின் பெட்டி மேல் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். வழக்கம்போல நாச்சிமுத்து கண்ணை மூடினார். வண்டிக்குள் பேச்சு அடங்கியது. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

மூடிய கண்ணைத் திறக்காமலே நாச்சிமுத்து மச்சானின் கையைத் தேடிப் பிடித்தார். இழுத்துக்கொண்டுபோய் ஸ்டியரிங்குக்குக் கீழே தன் முழங்கால் மேல் வைத்து அமுக்கினார்.

நல்லுசாமி கையை உருவப் பார்த்தார். விடவில்லை. காக்கித் துணிக்குள் அந்தக் கால், அடிபட்ட ஆட்டுக்குட்டி துள்ளுகிற மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது. துணி வேர்வையில் நனைந்திருந்தது. மேலே முகம் மட்டும் கோயில் சிலை போல அசையாமல் இருந்தது. பின்னால் யாரோ ஒரு பெண் முருகா என்று மெல்லச் சொன்னாள்.

"இது அடங்குறவரைக்கும் உக்காந்திருக்கேன், மச்சான்," என்றார் நாச்சிமுத்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "அம்புட்டுத்தான் சங்கதி."

நல்லுசாமியின் சிரித்த முகம் வெளுத்துவிட்டது.

"தெனமுமா?"

"தெனமும். ராமரு போனதுலருந்து."

நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நிற்கிறவரை நல்லுசாமி கையை எடுக்கவில்லை. பிறகு மழையில் இறங்கிப் போனார். அன்றைக்கு மத்தியான வண்டி கொடைக்கானலுக்கு வந்து சேர வழக்கத்தைவிட வெகு நேரம் ஆயிற்று. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து வந்தார் என்று கண்டக்டர் அலுத்துக்கொண்டார். இறங்கும்போது நல்லுசாமி படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். முதன்முதலாகப் பள்ளத்தைப் பார்த்தேன் என்று தங்கையிடம் சொன்னார்.

அந்த வாரமே நல்லுசாமி முதலாளியிடம் போய்ப் பழனி லைனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். காரணம் கேட்டதற்கு, பயமா இருக்குங்க என்று அப்படியே சொல்லிவிட்டார். அவர் சொன்னபோது முதலாளி உடனே நம்பினார். பக்குவம், அடக்கம் என்றெல்லாம் பேசவில்லை, இதுதானா நீர் கற்ற தியானம் என்று இரண்டு ஏச்சு ஏசிவிட்டு மாற்றிக்கொடுத்தார். ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவே நல்லுசாமி வெகுகாலம் ஓட்டினார், பேரன் பேத்தி எடுத்தார்.

செய்தி தெரிந்த அன்று வடிவு கும்பிட்டுக் கற்பூரம் கொளுத்தினாள். நாச்சிமுத்துவுக்கும் சந்தோஷம்தான், பொய்யில்லை. நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கியது. தான் மூன்று முறை கேட்டுக் கிடைக்காதது மச்சானுக்கு ஒரே சொல்லில் கிடைத்தது என்ற பொறாமையும் கூடவே இருந்தது. அதையும் வடிவிடம் அவர் மறைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் முதலாளியே மூஞ்சிக்கல் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பழக்கூடை. உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, மத்தியான வண்டி ஆளில்லாமல் நிற்கிறது, ஜனங்கள் உங்களைத்தான் கேட்கிறார்கள் என்றார். கீழே இறங்கியதும் சாப்பிட்டுவிட்டு அதையும் எடுத்துவிடுங்கள் என்றார். வடிவு அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார்.

"காலையில உக்கார்றது போக, மத்தியானமும் உக்காரணும்," என்றார். "அதுக்கு நேரம் குடுத்துருங்க."

"எவ்வளவு வேணும்னாலும் உக்காருங்க, சாமி," என்றார் சேனாதிபதி. சொல்லிவிட்டு எழுந்து, தன்னைவிட வயதில் இளைய அந்த டிரைவரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.