செல்லம்மா தைத்த மழை

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலைநாட்டில், டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். வீடும் மரமும் வரைந்து வரைந்து மூன்றாம் வகுப்புக்கு அலுத்துப் போயிருந்தது. "உருவமே வேணாம். கையில கெடைக்கிறத ஒட்டி மழையைக் காட்டுங்க" என்றேன்.

எல்லோரும் தேயிலைப் பெட்டி ஈயத்தாளைக் கிழித்து ஒட்டி, நீல மை தெளித்துக் கொண்டுவந்தார்கள். செல்லம்மா மட்டும் அட்டையில் ஒரு சாக்குத் துண்டைத் தைத்து வந்தாள்.

"இதுல மழை எங்கடி?" என்று அதட்டி, அட்டையின் பின்னால் சிவப்பு மையில் முட்டை போட்டேன்.

அவள் அழவில்லை. "தொட்டுப் பாருங்க சார்" என்றாள்.

தொட்டேன். சாக்கு ஈரத்தில் ஊறிக் கனத்துக் கிடந்தது. விரல் விறைத்தது.

"கொழுந்து பறிக்கையில அம்மா இடுப்புல கட்டுற படங்குங்க சார், கிழிஞ்ச ஓரம். ஈரத்துல பசை புடிக்கல, அதான் தச்சுட்டேன்."

மழைக்கு நீலம் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் மழை நீலமாக வந்ததே இல்லை.

அதைச் சுவரின் நடுவில் மாட்டினேன். இரண்டு நாளில் தோட்டத்துத் துரை வந்தார்.

"இதிலே மழை எங்கே? குப்பையைக் கழட்டு."

"தொட்டுப் பாருங்க தொரை" என்றேன். அவர் கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவேயில்லை. வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்று நின்றேன். நான் கழட்டவில்லை.

அந்தத் தோட்டத்தை விட்டு வரும்போது செல்லம்மாவிடம் கேட்டு அந்த அட்டையை வாங்கிவந்தேன். சாக்கு எப்போதோ காய்ந்துவிட்டது. பின்பக்கத்து முட்டையை மட்டும் அழிக்கவில்லை. அது என்னுடைய மதிப்பெண்.