தாத்தா கறித்தூள்

போன கிழமை தம்புள்ளையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்குள் போனேன். வாங்க வேண்டியது பல் துலக்கும் பிரஷ் ஒன்று மட்டும்தான். அந்த மாதிரிக் கடைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே, பிரஷ்ஷுக்குப் போக வேண்டுமானால் பிஸ்கட்டைத் தாண்டி, சவர்க்காரத்தைத் தாண்டி, கறித்தூளையும் தாண்டித்தான் போக வேண்டும். கறித்தூள் தட்டில் வெள்ளை மீசையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். உறைமேல் படமாக, பக்கெட்டுக்குப் பக்கெட் அவர்தான். கையில் அகப்பை. மேலே மூன்று மொழியிலும் 'தாத்தா கறித்தூள்'. ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். 'மாத்தளை மண்ணில் வாழ்ந்து மறைந்த எங்கள் தாத்தாவின் கைப்பக்குவம்' என்று அச்சடித்திருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தாத்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் மறையவில்லை. அவருக்கு மீசையும் கிடையாது. அவர் ஒரு பெண்.

குழம்ப வேண்டாம், சொல்கிறேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள், அக்காவைத் தாத்தா என்பார்கள். எங்கள் வீட்டில் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. சிங்களத்தில் அப்பாவே தாத்தாதான். ஒரே சொல்லை மூன்று சனமும் மூன்று ஆளுக்கு வைத்துக்கொண்டு ஒரே பஸ்ஸில் போய்வருகிற ஊர் எங்களுடையது. யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்தாலே யாரைச் சொல்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் வேலை, முதல் நாள், உடம்பெல்லாம் வியர்வை. பலாபத்வலையில் நிஸார் நானாவின் வாசனைத் திரவியக் களஞ்சியத்தில் கிளார்க் வேலை. நானா நிமிர்ந்தும் பார்க்காமல், "பின்னுக்குப் போய்த் தாத்தாக்கிட்ட சாம்பிள் வாங்கிட்டு வாங்க" என்றார். பின்னால் மிளகு காயப்போடும் சீமெந்துத் தளத்தில் வயதானவர் ஒருவர் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். பணிவாகப் பக்கத்தில் போய், "தாத்தா, சாம்பிள் தருவீங்களா?" என்றேன். அவர் சிங்களவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தனக்குப் பிள்ளைகளே இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. "இங்க வாங்க தம்பி, தாத்தா நாந்தான். அந்த மனுசன என்னத்துக்குப் பயப்படுத்துறீங்க?"

அப்படித்தான் ரமீஸா தாத்தாவை முதலில் பார்த்தேன். நிஸார் நானாவின் அக்கா, நாற்பதைத் தாண்டியவர், முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு அகலமான இரும்புச் சட்டியின் முன் நிற்பார். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், கறுவாப்பட்டை, கறிவேப்பிலை, ஒரு பிடி அரிசி. எல்லாம் கோப்பி நிறத்துக்கு வரும்வரை வறுப்பார். அந்த வாசம் களஞ்சியத்தைக் கடந்து ஏ-ஒன்பது வீதியைத் தாண்டி எதிர்ப்பக்க பஸ் ஹோல்ட்டில் நிற்பவர்களுக்கும் வரும். பஸ்ஸை விட்டுவிட்டுத் தூள் வாங்க வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். என் சட்டையிலும் அது ஏறியிருக்கும். வீட்டில் அம்மா, கந்தோர் வேலைக்குப் போகிறாயா குசினியில் சமைக்கப் போகிறாயா என்று கேட்பார்.

ஆனால் அந்தத் தூளுக்குப் பெயர் கிடையாது. வெறும் பொலித்தீன் பையில் போட்டு, மெழுகுதிரியில் வாயை ஒட்டி, 'நிஸார் நானா தூள்' என்றுதான் சனம் வாங்கிப்போகும். தாத்தாவுக்கு அது உறுத்தியிருக்கிறது. கொழும்பில் நடக்கிற உணவு வர்த்தகக் கண்காட்சியில் ஒரு ஸ்டோல் எடுக்கலாம் என்று நானா சொன்ன அன்று அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றார். "ஸ்டோல் போடுறண்டா எண்ட பேருல போடுங்க தம்பி. வறுக்கிறது ஆருண்டு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். அவர் தம்பியிடம் எதையாவது கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எல்லோரும் அவரைக் கூப்பிடுகிறபடி 'தாத்தா கறித்தூள்' என்றே வைக்க நானாவும் மனதாரச் சம்மதித்தார், அதில் சந்தேகமில்லை. போட்டோ மட்டும் வேண்டாம், படமாக வரைந்தால் போதும், முகம் தன்னுடையதாக இல்லாவிட்டாலும் முக்காடு தெரிய வேண்டும் என்று தாத்தா சொன்னார்.

பிறகு களஞ்சியத்தில் வேறு பேச்சே இல்லை. ஸ்டோலின் அளவு வந்ததும் மிளகுத் தளத்தில் சோக்கட்டியால் கோடு போட்டு அதே அளவில் ஓர் அறை வரைந்தோம். அதற்குள் இரண்டு மேசை. நான்கு மூலையிலும் ஆளுயரத்துக்குக் கறுவாக் கட்டுகள். மண்டபத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்ற செய்தி வந்தபோது தாத்தா ஒருநாள் முழுக்க யோசித்தார். கடைசியில் கிளம்புகிற அன்று விடியற்காலை வறுத்து, சூட்டோடு மண்சட்டியில் அடைத்து, வாயில் துணி கட்டிக் கொண்டுபோவது, கதவு திறந்ததும் துணியை அவிழ்ப்பது என்று முடிவானது. கோட்டைத் தாண்டிக் கால் வைத்தவனை, "செவுத்துக்குள்ளால போறீங்க, கதவால வாங்க" என்று நானா விரட்டுவார். இந்த ஒத்திகையில் மிளகு கிளறும் அந்தச் சிங்களத்து மனிதர்தான் எங்கள் வெளிநாட்டு வியாபாரி. தொப்பி போட்டுக்கொண்டு கம்பீரமாக வந்து, தூளை மோந்து பார்த்துத் தும்முவார்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. ஸ்டோலுக்கு வருகிறவன் முதலில் என்ன கேட்பான்? தாத்தா யார் என்றுதானே கேட்பான். அதைக் கேட்கிறவனாக நான் கோட்டுக்கு வெளியே நின்று, "யாரு தாத்தா?" என்பேன். அவர் முந்தானையைச் சரிசெய்து, மேசையில் ஒரு கையை ஊன்றி, "நாந்தான்" என்பார். மூன்று மொழியிலும் பழகினோம். ஆங்கிலத்தில் சொல்லும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். தமிழில் சொன்னால் அந்த இடத்தில் ஒரு முதலாளி நிற்பதுபோல இருக்கும்.

படம் வரைய ஆள் கொழும்பில் கிடைத்தான், டிஜிட்டல் பிரிண்ட் கடை வைத்திருந்த தமிழ்ப் பையன். நானா போனில் குரல் செய்தி அனுப்பியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "தம்பி, தாத்தா சட்டிக்கிட்ட அகப்பையோட நிக்கிற மாதிரி அழகா ஒரு படம். சிரிச்ச மொகமா ஈக்கட்டும். மேல தாத்தா கறித்தூள்ண்டு பெருசாப் போடுங்க." முக்காட்டைப் பற்றி நானா சொல்லவில்லை. தாத்தா என்றால் முக்காடு இருக்கும்தானே, அதைத் தனியாக யார் சொல்வார்கள்? பையன் சரிபார்க்க அனுப்பியது எழுத்துகளை மட்டும். மூன்று மொழியிலும் ஒரு பிழை இல்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் பிற்பகல் கொழும்பு மண்டபத்தில் மேசை போட்டு, கறுவாக் கட்டுகளை நிறுத்தி முடித்ததும் படம் அச்சடித்த பனர் சுருள் வந்து சேர்ந்தது. நானா மேல் பக்கத்தைப் பிடிக்க, நான் கீழே இழுத்து விரித்தேன். மீசைதான் முதலில் வந்தது. பிறகு கண்ணாடி, வழுக்கைத் தலை, அகப்பை. பையனைக் குறை சொல்ல முடியாது, அருமையான தாத்தா. அவனுடைய வீட்டுத் தாத்தா. ரமீஸா தாத்தா அந்த மனிதரை உற்றுப் பார்த்தார். புதுச் சேலையும் புது முக்காடுமாக நின்றார். பிறகு, "ஆரு இந்த மனுசன்?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வேறு பனருக்கு நேரமில்லை, வெறும் சுவரோடு நிற்கவும் முடியாது. அப்படியே மாட்டிவிட்டோம்.

அடுத்த நாள் காலை துணியை அவிழ்த்ததும் வாசம் எழுந்து மண்டபம் முழுக்கப் போனது. தாத்தா கணக்குப் போட்டது தப்பவில்லை. சனம் மூக்கைப் பிடித்து இழுத்தாற்போல வந்தது. ஆனால் ஒருவரும் யார் தாத்தா என்று கேட்கவில்லை. எதற்குக் கேட்பார்கள்? அவர்தான் சுவரில் நிற்கிறாரே. சிங்களவர்கள் நானாவின் தகப்பன் என்று நினைத்துக்கொண்டார்கள், தமிழர்கள் பாட்டன் என்று நினைத்துக்கொண்டார்கள், எல்லோருக்கும் திருப்தி. மேசைக்குப் பின்னால் சாம்பிள் கட்டிக்கொண்டிருந்தவரை ஸ்டோலில் வேலை செய்கிற பெண் என்று நினைத்தார்கள். ஒரு அம்மா அவரிடம் தண்ணீர்கூடக் கேட்டார்.

பிற்பகலில் ஒரு பெரிய கடைக் கொம்பனிக்காரர் வந்தார், தமிழர். தூளை உள்ளங்கையில் தேய்த்து மோந்தார். ஓடர் தருவதுபோலப் பேசினார். பிறகு பனரை நிமிர்ந்து பார்த்து, "தாத்தா இப்பவும் இருக்காரா?" என்றார். நிஸார் நானா படத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கிறார் என்றால் கூட்டிவரச் சொல்வார்களே என்று பயந்தாரோ என்னவோ.

"இல்ல சேர். மௌத்தாகிட்டாரு."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ரமீஸா தாத்தா கையில் பாதி கட்டிய பக்கெட்டோடு நின்றார். சாவுச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்கிற வார்த்தையை, "இன்னா லில்லாஹி" என்று, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். பிறகு அந்தப் பக்கெட்டைக் கட்டி முடித்தார். வந்தவர் தலையாட்டி அனுதாபம் தெரிவித்துவிட்டு ஓடர் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வேனில் நானா மெதுவாக, "தாத்தா, கோவமா?" என்று கேட்டார். "மௌத்தான ஆளுக்குக் கோவம் வருமா தம்பி?" என்றார் அவர். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த வருசம் வறுக்கிற மெஷின் வந்தது, இரும்புச் சட்டி மூலைக்குப் போனது. வெளியாட்கள் வந்து நின்றால் நானா தன் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு 'சிஸ்டர்' என்று கூப்பிடத் தொடங்கினார். கலேவெலயில் வேறு வேலை கிடைத்து நானும் போய்விட்டேன்.

இதெல்லாம் அந்தத் தட்டின் முன் நின்றபோது ஞாபகம் வந்தது. பிரஷ் வாங்கினேனா என்று கேட்காதீர்கள், இல்லை. பக்கெட்டோடு வெளியே வந்து, நிஸார் நானா வீட்டுப் பழைய நம்பரை எடுத்துப் போன் பண்ணினேன். ஓர் இளம்பெண் குரல். கிழக்குப் பக்கத்துப் பேச்சு, நிஸார் நானாவின் புது மருமகளாக இருக்க வேண்டும். அவர்கள் ஊரில் அக்காவை ராத்தா என்பார்கள். "தாத்தா இருக்காங்களா?" என்றேன்.

"தாத்தாவா? அவரு மௌத்தாகிட்டாரே. பக்கெட்டுலயும் போட்டிருக்கே" என்றது அந்தப் பிள்ளை, வெகு மரியாதையாக.

அந்த வீட்டுக்குள்ளேயே அந்தச் சொல்லுக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. பின்னால் யாரோ, "ஆரு புள்ள போன்ல?" என்று கேட்டார். "யாரோ தாத்தாவக் கேக்கிறாரு மாமி." போன் கை மாறியது தெரிந்தது. சோக்கட்டிக் கோட்டுக்கு வெளியே நின்று கேட்டதையே கேட்டேன்.

"யாரு தாத்தா?"

"நாந்தான்" என்றார். அதைச் சொல்வதற்காக நாங்கள் கட்டிய ஸ்டோலில் ஒரு தடவைகூட அவர் அதைச் சொல்லவில்லை.