மும்தாஜ் லாத்தாவின் பணியாரக் கம்பி

மும்தாஜ் லாத்தா நேற்றுக் காலை போய்விட்டார்.

மாரடைப்பு. டாக்டர் சொன்னது அதுதான், வேறொன்றும் இல்லை... இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் கடையநல்லூரில் அவர் வீட்டு வாசலில் நேற்று வேறொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாடியில் நிற்கும் இன்டர்நெட் ஆன்டெனாதான் அவரைக் கொன்றதாம். அதிலிருந்து வரும் கதிர் நெஞ்சைத் தாக்கியதாம். பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கம்பி வேலை என்றும் ஒரு பெரியவர் சேர்த்துக்கொண்டார்.

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. இன்றைக்கு எழுதத்தான் வேண்டும்.

தெரியாதவர்களுக்கு... படகுகளில் மொபைல் இன்டர்நெட் கிடைப்பதற்கான ஆன்டெனா, ரவுட்டர் விற்கும் சின்னக் கடையில் எங்களுக்கு வேலை. சங்கரன்கோவிலில். ஆமாம், கடலே இல்லாத சங்கரன்கோவிலில்தான்.

தூத்துக்குடியிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் படகுக்காரர்கள் போன் செய்வார்கள். எந்தப் படகுக்கு எந்த ஆன்டெனா பொருந்தும் என்று கேட்டுச் சொல்வது லாத்தாவும் நானும். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், அக்கா முறையில் அவரை லாத்தா என்பேன். இரண்டு பேருமே படகில் ஏறியதில்லை.

"ஆம்பளை யாரும் இல்லையா? அவங்ககிட்ட குடும்மா" என்பார்கள்.

லாத்தாவின் குரல் கொஞ்சமும் மாறாது. "இருக்காங்க அண்ணாச்சி. டீ வாங்கப் போயிருக்காங்க. நீங்க சொல்லுங்க."

டீ வாங்கப் போனவர்கள் திரும்பி வந்ததே இல்லை.

சங்கரன்கோவிலில் எந்தக் கடலில் போட் ஓட்டுகிறீர்கள் என்று ஒருவர் நக்கலாகக் கேட்டார். "போட்ட நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி, சிக்னல நாங்க ஓட்டுதோம்" என்றார் லாத்தா. கேட்டவர் அதற்குப் பிறகு தன் இரண்டு தம்பிமார் படகுக்கும் எங்களிடமே வாங்கினார்.

எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். இருப்பதிலேயே பெரிய கம்பி, அதாவது ஆன்டெனா. வீட்டு மாடிக்கு அது சரி, வீடு ஆடாது. படகு ஆடும்.

இதை விளக்க லாத்தா ஒரு பேச்சு வைத்திருந்தார். பெரிய கம்பியின் வீச்சு தோசை மாதிரி, மெல்லிசாக வெகுதூரம் பரவும். படகு சாய்ந்தால் தோசையும் சாயும்... ஒரு ஓரம் தண்ணீருக்குள், மறு ஓரம் வானத்தில், டவர் எதிலும் படாமல் தனியாக நிற்கும். சின்னக் கம்பியின் வீச்சு பணியாரம். அவ்வளவு தூரம் போகாது, ஆனால் எப்படிப் புரட்டினாலும் ஒரு பக்கம் டவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நானே முதலில் நம்பவில்லை. அவர் வீட்டு ஊஞ்சல் பலகையில் ஒரு குழாயை நட்டு, இரண்டு கம்பிகளையும் மாற்றி மாற்றிக் கட்டினார். தள்ளுவது நான், லேப்டாப்பைப் பார்ப்பது அவர். பெரியது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விழுந்து விழுந்து எழுந்தது. சின்னது சாதுவாக நின்றது.

"நல்லா தள்ளுட்டி. கடலு உன்ன மாதிரி கொஞ்சிக்கிட்டா தள்ளும்?"

அன்றிலிருந்து கடையில் அதற்குப் பெயரே பணியாரம்தான். ஒருமுறை லாத்தா ஞாபக மறதியாகப் பார்சலின் மேலும் அப்படியே எழுதிவிட்டார். கெட்டுப்போகிற சாமானை எடுக்க மாட்டோம் என்று கூரியர்காரர் திருப்பி வைத்தார். "இது கெடாது தம்பி, உப்புக் காத்துலயே கெடக்கும்" என்றார் லாத்தா. கூரியர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பிரித்துக் காட்டிய பிறகுதான் எடுத்தார்.

லாத்தாவின் கணவருக்கு வளைகுடாவில் ஒரு சப்ளை போட்டில் வேலை. கரையை ஒட்டியே ஓடும் படகு. அதற்கும் லாத்தா அனுப்பியது பணியாரம்தான். கேப்டன் பார்த்துவிட்டு, இது பல் தேய்க்கவா என்று சிரித்தாராம். பெரியதாக ஒன்று அனுப்பச் சொல்லி மச்சான் கெஞ்சினார்.

"அவருக்கு கேப்டன் முன்னால கௌரவம் வேணும். எனக்கு அவரு மொகம் வேணும். எதுட்டி பெருசு?"

அனுப்பவில்லை. தினமும் மதியம் சாப்பிட்டு முடித்ததும் லாத்தா அவருக்கு வீடியோ கால் போடுவார். எடுத்ததும் முதல் கேள்வி, "தெளிவாத் தெரியுதா மச்சான்?"

நேற்று மச்சானால் வர முடியவில்லை. படகு தண்ணீரில் இருந்தது, சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இருந்த ஒரே வழி வீடியோ கால். அந்தத் தெருவில் போனில் சிக்னல் நிற்காது. மாடி ஆன்டெனாவை வைத்துத்தான் வீட்டுக்கு நெட்... அதைக் கழற்றிப் போடத்தான் இரண்டு பேர் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

லாத்தாவின் மாமியார் உடலின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"எம் மவன் அவ மொகத்தப் பாக்குத வரைக்கும் ஒரு பய அதுல கை வைக்கக் கூடாது. எறங்குங்கலே."

இறங்கினார்கள்.

வீடியோ கால் போனது. அந்தப் பக்கம் கடல் மோசமாக இருந்தது. மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் வானம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படம் எங்கேயும் உறையவில்லை.

மாமியார் போனை லாத்தாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நேற்று யாரும் கேட்கவில்லை. மச்சான் தானாகவே சொன்னார்.

"தெளிவாத் தெரியுது மும்தாஜு..."

கம்பி கொன்றது என்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். மாடியில் அது இன்னும் நிற்கிறது. மாமியார் அதன் அடியில்தான் இன்று துணி காயப்போட்டிருந்தார்.

வரும் வழியில் அதைப் பார்த்துவிட்டு வந்து கடையைத் திறந்தேன். முதல் போன் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து. பெரிய கம்பி வேண்டுமாம். ஆம்பளை யாரும் இல்லையா என்றார்.

"இருக்காங்க அண்ணாச்சி. டீ வாங்கப் போயிருக்காங்க. நீங்க சொல்லுங்க."

பணியாரம்தான் அனுப்பியிருக்கிறேன், லாத்தா.

போய் வாருங்கள்.