சைரனை மாமியார் என்று எழுதியவள்

என் மனைவி ஆங்கிலத்தில் எழுதிய முதல் கட்டுரையை நான் கெடுத்தேன். திருத்தினேன் என்றுதான் பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். கெடுத்தேன் என்பதே உண்மை.

அப்போது செகந்திராபாத் பக்கம், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலரில் சில பக்கங்கள் ஆங்கிலத்தில் வரும். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அந்தப் பக்கங்களுக்கு ஆசிரியர் நான். ஆங்கில எம்.ஏ. என்ற கர்வம் வேறு. அவள் எங்கள் காலனியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். ஒர்க்‌ஷாப் சைரன் 'எங்கள் காலனியின் மாமியார்' என்றிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் எல்லோரும் எழுந்து ஓடுகிறோமாம். சாயங்காலம் கேட் திறந்ததும் சைக்கிள்கள், மூடி கழன்ற டப்பாவிலிருந்து கடுகு சிதறுவதுபோல் வந்தனவாம். செகந்திராபாத் பஸ் நிறைமாதக்காரியைப்போல் ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சு வாங்கி நின்றதாம்.

ஆங்கிலத்தில் இப்படியெல்லாம் எழுதமாட்டார்கள் என்று அத்தனையையும் அடித்தேன். மாமியார் 'காலத்தின் எக்காளம்' ஆனாள். கடுகு தேனீக்களாயிற்று. பஸ் நத்தைபோல் ஊர்ந்தது. அவளைக் கேட்காமலே அச்சுக்குக் கொடுத்தேன். விழாவில் பலர் அவளைப் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும், "அது உங்க கட்டுரை. என் பேரை ஏன் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.

இப்போது பேகம்பேட்டில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். ஐ.டி. வேலைக்காக இங்கே வந்த இளம் தாய்மார்கள் சிலர் போன வருடம் என்னைத் தேடி வந்தார்கள். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு சிமிலி, மெட்டஃபர் எல்லாம் தெரிய வேண்டுமாம். ஞாயிறு காலை அசோசியேஷன் ஹாலில் வகுப்பு. முதல் நாள் தேனீபோல் சுறுசுறுப்பு, சிங்கம்போல் வீரம் என்று சொன்னேன். ஒருத்தி கொட்டாவியை மறைத்துக்கொண்டு, "அங்கிள், இது புக்லயே இருக்கு. வேற சொல்லுங்க" என்றாள்.

வேறு எதுவும் வாயில் வரவில்லை, நான் அடித்துப்போட்டவைதான் வந்தன. கடுகையும் பஸ்ஸையும் சொல்லி, ஒன்றை இன்னொன்றுபோல் என்றால் சிமிலி என்றேன். 'போல்' இல்லாமல், சைரனை மாமியாராகவே ஆக்கிவிட்டால் மெட்டஃபர் என்றேன். ஹால் முழுக்கச் சிரிப்பு.

"எங்க வீட்டு சைரன் அமெரிக்கா போயிருக்கு, அங்கிள்!"

"செம அங்கிள், நீங்க எழுதினதா?"

இல்லை என்றேன். யார் எழுதியது, நான் என்ன செய்தேன் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அய்யய்யோ! அதுக்கப்புறமும் ஆன்ட்டி உங்களுக்குச் சோறு போட்டாங்களா?"

வீட்டுக்குப் போய், "நான் செஞ்சது தப்பு. உன் வரிகளை இன்னிக்கு வகுப்புல சொன்னேன், உன்னுதுன்னும் சொன்னேன். அடுத்த வாரம் நீயும் வா" என்றேன்.

வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "நக்கோ. மறுபடியும் அடிப்பீங்க."

நான் கூப்பிட்டு அவள் வரவில்லை. அந்தப் பெண்கள்தான் கதவைத் தட்டிக் கூட்டிப்போனார்கள்.

இப்போது வகுப்பு அவளுடையது. அவள் ஒரு வரி சொல்வாள். அது மெட்டஃபரா, மிகைப்படுத்திச் சொல்லும் ஹைபர்போலியா என்று பெயர் சொல்வது மட்டும் என் வேலை. வீட்டில் மறுபடி எழுதுகிறாள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கையால் நோட்டை மூடிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை எல்லாரோடயும் உக்காந்து கேளுங்க" என்றாள்.

சீக்கிரமே போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுகிறேன்.