தாத்தா திதிக்கு வந்த முந்திரிப் பாயசம்

தாத்தா திதிக்கு எங்கள் வீட்டில் மிளகாய் சேர்க்கமாட்டார்கள். காரத்துக்கு மிளகுதான். ஏனென்று யாரும் கேட்டதில்லை, அது வழக்கம். நான் ஏழாவது படித்த வருஷம் அதற்குக் காரணம் எனக்குத் தெரிந்துபோனது. வினை அதில்தான் ஆரம்பித்தது.

மிளகு வாங்கக் கடல் சுற்றி வந்த போர்ச்சுக்கீசியர்கள் மிளகாயைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று வரலாற்று டீச்சர் சொன்னார். சோழர் காலத்தில் நம் கப்பல் சீனா வரைக்கும் போய்வந்தபோதுகூட இங்கே மிளகாய் கிடையாதாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்டால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? கப்பலில் வந்தவற்றில் முந்திரியும் ஒன்று என்றார்.

அந்த வருஷத் திதிக்கு அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. தாத்தா வைத்த முந்திரிக்காட்டைப் பங்கு பிரித்ததில் மனஸ்தாபமாகி, இரண்டு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காதவர். ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு வந்திருந்தார். அதில் தன் பங்கில் விளைந்த பருப்பைப் போட்டுக் காய்ச்சிய பாயசம்.

"அப்பாவுக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லி, அடுப்படி வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்கண்ணி" என்று அம்மா வாளிக்குக் கை நீட்டினார்.

நான் குறுக்கே புகுந்தேன். "முந்திரியும் மிளகாய் மாதிரிதாம்மா. கப்பல்ல வந்தது. தாத்தாவுக்குப் படைக்கக் கூடாது."

அத்தையின் முகம் செத்துவிட்டது. "புள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாளியோடு திரும்பிச் செருப்பைத் தேடினார்.

குளித்துத் திருநீறு பூசி, ஈர வேட்டியோடு அப்பா வந்தார். "எங்கக்கா கெளம்பிட்ட? எலை போட்டாச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தாத்தா கப்பலப் பாத்ததே இல்ல பாப்பா. முந்திரிக்கொட்டை ஒடைச்சு, எண்ணெ பட்டுக் கையெல்லாம் வெந்துதான் எங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டாரு. அக்கா, நீயே வையி."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாளியைத் திறக்கும்போது என்னைப் பார்த்து, "மகாராணி, உத்தரவு உண்டுங்களா?" என்றார். அம்மா சிரித்துவிட்டார்.

இனிப்பே தொடாத அப்பா அன்று மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கினார். சாயங்காலம் அக்காவை பஸ் ஏற்றிவிட அவரே போனார். அதன்பின் அத்தை தன் கடைசிக் காலம் வரை ஒரு திதிக்கும் வராமல் இருந்ததில்லை. அந்த வார்த்தையை அந்த நேரத்தில் அப்பா வாயில் வைத்த ஈசனுக்கு இன்றும் விளக்கேற்றும்போது நன்றி சொல்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஆறவில்லை. அப்பா திரும்பி வந்ததும் புத்தகத்தை விரித்து, முந்திரி என்று அச்சிட்டிருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து பொறுமையாகப் படித்தார். "சரியாத்தான் போட்டிருக்கான்" என்று என் தலையைத் தடவிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் அப்பாவுக்கு விளங்கவில்லையே என்று அவருக்காக நான் பரிதாபப்பட்டேன்.